பின்பக்கமாக

நியூசிலாந்தின் தென்கோடி, ரிவர்ட்டன் படகுச் சரிவு.
சனிக்கிழமை காலை ஆறரைக்கு
ஒன்பது வண்டிகள் வரிசையில் நிற்க
ரேலீன் தன் டிரெய்லரைப் பின்னால் செலுத்தினாள்.
அது இடப்பக்கம் போகவேண்டும்.
வலப்பக்கம் போனது.
ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் ஒடித்தாள்,
இன்னும் வலப்பக்கம் போனது,
சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று
சத்தியம் செய்துகொடுத்த மாதிரி.

ஓதம் வற்றிக்கொண்டிருந்தது.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை; அதுதான் கொடுமை.
காப்பிக் குடுவைகளைத் திறந்துகொண்டு
கடலைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தோம்.

ஏழாவது முறை நான் இறங்கிப் போய்க்
கதவுக் கண்ணாடியைத் தட்டினேன்.
"யோசிக்காதே ரேலீன். கை தானாகப் போகும்."
முப்பத்தொரு வருஷம் இதே சரிவில் படகு இறக்கியவன்
வேறென்ன சொல்வேன்.
கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.
"போகட்டும், மர்ரே. எந்தப் பக்கம் போகும்?"

வாயைத் திறந்தேன்.
அங்கே பதில் இல்லை.

அவள் கம்பளி தரம் பிரிப்பவள்.
இரண்டு விரலுக்கு நடுவே இழையை உருட்டி
இது பத்தொன்பது மைக்ரான், இது இருபத்தொன்று என்று
அரட்டையை நிறுத்தாமலே சொல்கிறவள்.
"இந்த விரலுக்கும் முதல் வருஷம்
ஒரு மண்ணும் தெரியாது.
நோட்டில் எழுதி எழுதித்தான் உள்ளே இறக்கினேன்.
யோசிக்காதே என்கிறவன்
யோசித்ததை மறந்தவன்."
சொல்லிவிட்டு, படகை நனைக்காமலே
வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ராவிரி சொல்லித்தான் தெரியும்.
சமையலறை மேசையில் ஒரு தீப்பெட்டி,
அதன் வாலில் குண்டூசியால் கோத்த இன்னொன்று.
தள்ளினாள். மடங்கியது. தள்ளினாள்.
இடைவெளியைக் குறைத்தாள்: சட்டென்று மடங்கியது.
கூட்டினாள்: பொறுத்துப் பொறுத்து மடங்கியது.
ஆக, வளைந்த பிறகு திருத்தக்கூடாது,
வளைய நினைக்கும்போதே திருத்தணும்
என்று மின்கட்டண உறையின் பின்னால் எழுதினாளாம்.
பிறகு இரவில், ரக்பி மைதானத்து வண்டி நிறுத்தத்தில்
சுண்ணக்கட்டியால் கோடுகள்.
ஸ்டியரிங்கின் உச்சியில் கை இருந்தால் உலகம் தலைகீழ்.
அடியில் வைத்தாள்.
கை இடப்பக்கம் போக, டிரெய்லரும் இடப்பக்கம்.
அவ்வளவுதான்.
சக்கரத்தில் பாதிச் சுற்று இறங்கி வந்த ஒரு யோசனை.

நானோ அந்த வாரம் முழுக்க
வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்து
என் கையை வேவு பார்த்தேன்.
எங்கே பிடிக்கிறாய்? எப்போது விடுகிறாய்?
கேட்டால் சொல்லுமா கை.
கேள்வி மட்டும் மணிக்கட்டுக்குள் போய்
உட்கார்ந்துகொண்டது.

அடுத்த சனி. பதினோரு வண்டிகள்.
என் முறை.
பாதிச் சரிவில், இப்போது இடதா என்று
என்னையே கேட்டேன், பாருங்கள்,
வண்டியும் டிரெய்லரும் மடக்குக் கத்தியாய் மடங்கிப்
பின்விளக்கு நொறுங்கிய சத்தம்
நீரிணை தாண்டி ஸ்டூவர்ட் தீவில் கேட்டிருக்கும்.

காப்பிக் குடுவைகள் திறந்தன.

எனக்கு அடுத்து ரேலீன். சிரிக்கவில்லை.
நான் ஒதுங்கியதும் கையை அடியில் வைத்து
விரற்கடை இந்தப் பக்கம், விரற்கடை அந்தப் பக்கம்,
உதடு எதையோ முணுமுணுக்கக்
கோணல்மாணலாக, நத்தை மாதிரி,
இறக்கிவிட்டாள்.
பார்க்க அழகில்லை.
ஆனால் ஒரு அங்குலம்கூட
அவளுக்குத் தெரியாமல் போகவில்லை.

படகு மிதந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
கையை உயர்த்தவில்லை,
இடுப்புக்குக் கீழே தாழ்த்திக் காட்டினாள்.

இப்போது நானும் அடியில்தான் பிடிக்கிறேன்.
எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால்
சொல்லத் தெரியும்.
இறக்கத்தான்
முன்னைவிடக் கொஞ்சம் நேரமாகிறது.