மூன்றாம் வரிக்கு மை

பைஷி அஞ்சல் சத்திரத்தில்
குதிரைகளுக்குப் பட்டாணியும்
வழிப்போக்கர்களுக்குக் கஞ்சியும்
சுவருக்குச் சுண்ணாம்பும் என் பொறுப்பு.

கிழக்குச் சுவர் கவிதைக்கு.
அதிகாரிகள் எழுதலாம், உப்பு வணிகர்கள் எழுதலாம்,
தேர்வில் தோற்றவர்கள் எழுதாமல் போனதே இல்லை.
தூரிகைக்கும் மைக்கும் சேர்த்து இரண்டு காசு.
ஆண்டுக்கொரு முறை, ஆளுநர் வருமுன்,
எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்துவிடுவேன்.

நான் எழுத்து படித்ததே இந்தச் சுவரில்தான்.
'நிலா' முதல் நாளே வந்தது, 'மது' மறுநாள்.
'திரும்பி வருதல்' மட்டும்
ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமாய்க் கோணியதால்
பிடிபட இரண்டு குளிர்காலம் ஆனது.

நான்கு வரி. வரிக்கு ஏழெழுத்து.
ஒருமுறை தோய்த்த மை
இரண்டு வரிக்குத்தான் தாங்கும்.
பதினான்காம் எழுத்து வெளிறி, நார்நாராய் நிற்கும்.
அப்போது மைக்கல்லை நோக்கிக் குனிவார்கள்.
அங்கேதான் நடக்கிறது.
என்ன என்று கேட்காதீர்கள்.
கல்லின் பள்ளத்தில் ஒரு கறுப்புக் குட்டை,
அதில் அவரவர் முகம்.
நான் கண்டது அவ்வளவுதான்.

போன இலையுதிர்காலத்தில் பாங் யூஹெங் வந்தார்.
தெற்கே, காய்ச்சல் நாட்டுக்கு, மாற்றலாகிப் போகிறவர்.
நல்ல சிரிப்பு. என் நாய்க்குக்கூட மது ஊற்றினார்.
முதல் வரியில் பேரிக்காய் பழுத்தது.
இரண்டாம் வரியில் குழல்காரி தாளம் தப்ப
நண்பர்கள் கைகொட்டினார்கள்,
சுவரிலும், சுவருக்கு வெளியிலும்.
குனிந்தார். தோய்த்தார்.
மூன்றாம் வரி:
ஆற்றோரம் ஒரு குதிரை, சேணமில்லாமல்.
யாருடையது என்று எழுதவில்லை.
கைத்தட்டல் நின்றது.
ஒருவர் மட்டும், வாசிக்க மெதுவானவர்,
தாமதமாய் ஒருமுறை தட்டிவிட்டு
கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.
நான்காம் வரியில் மழை.
பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தவர்
வாத்துக் கறி மிச்சம் இருக்கிறதா என்றார்.
இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

தலைகீழாகவும் நடக்கும்.
ஏழாம் முறை தோற்ற நியே ஷென்பாவ்
இரண்டு வரி அழுதார்.
சுண்ணாம்பு உதிரும் அழுகை.
மை தொட்டு நிமிர்ந்த நேரம்
உத்தரத்துக் குருவி குறி தவறாமல்
அவர் தொப்பியில் எச்சமிட்டது.
மூன்றாம் வரியில் குருவிக்குப் பதவி தந்தார்:
தலைமைத் தேர்வாளர்.
நான்காவதை எழுத வராமல்
சிரித்தபடியே மலையிறங்கிப் போனார்.
அந்த இடம் காலியாகவே கிடந்தது.

படித்தவர்கள் இதைத் தச்சுவேலை போலப் பேசுகிறார்கள்:
எழுப்பு, தாங்கு, திருப்பு, மூடு.
இருக்கலாம்.
மலைப்பாதை நடுவில்
கோவேறு கழுதை நின்றுவிடுகிறதே,
அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்று ஆளுநர் வருகிறாராம்.
விடியலிலேயே சுண்ணாம்பு கரைத்தேன்.
வெயில் நல்ல வெயில்.
நாய் தன் வாலைத் தானே துரத்துகிறது.
பேரிக்காயின் மேல் அடித்தேன். குதிரையின் மேல் அடித்தேன்.
குருவியிடம் கொஞ்சம் தயங்கினேன், அடித்தேன்.
பாடிக்கொண்டுகூட இருந்தேன் போலும்;
லாயக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
மட்டையை நனைக்கக் குனிந்தேன்.

வெள்ளை நீரில் முகம் தெரிவதில்லை.

ஹே லியாங்குக்கு எழுதத் தெரியாது.
மேற்கு எல்லைக்குப் படையோடு போன காலையில்
மற்றவர்கள் எழுதுவதை நின்று பார்த்தான்.
பிறகு சுவரின் அடியில், பட்டாணிச் சாக்குகளுக்குப் பின்னால்,
கட்டைவிரலை மையில் தோய்த்து
ஒற்றிவிட்டுப் போனான்.
இரண்டு காசு கொடுக்கவில்லை.
ஒன்பது ஆண்டு. ஒன்பது முறை
அதைச் சுற்றி வெள்ளையடித்திருக்கிறேன்.
சுற்றிலும் சுவர் தடித்துக்கொண்டே வர
விரல் இப்போது ஒரு சிறு பள்ளத்துக்குள் இருக்கிறது.

கீழ்வளைவில் மணிச் சத்தம்.
சாக்குகளைப் பழையபடி நகர்த்தி வைத்தேன்.
பதினாறு குதிரைகளாம்.
பட்டாணி போதாது.