விரற்கடை

முதலில் பச்சை வலை கட்டினேன்,
வடசேரியில் மீட்டர் அறுபது ரூபாய்க்கு வாங்கி.
ஆனி பிறந்த நாலாம் நாள்
அது காற்றாலை வேலியில் தொங்கிக்கொண்டு
எனக்குக் கையசைத்தது.

முப்பந்தலில் வீடு என்றால் ஆஸ்பத்திரியில் யாரும் நம்புவதில்லை.
வீடு என்றும் சொல்ல முடியாது.
நாலு இரும்புக் காலில் ஓர் அறை,
முன்னால் பத்துக்குப் பன்னிரண்டில் பலகைத் தளம்,
மேலே தகரச் சாய்ப்பு.
சுற்றிலும் உடைமரம், கல், ஆட்டுப் புழுக்கை.
மழை மேற்கே தோவாளையோடு நின்றுவிடும்,
காற்று மட்டும் கணவாய் தாண்டி வரும்.

இரவெல்லாம் ஆசாரிப்பள்ளத்தில்
அடுத்தவர் கட்டிலுக்குத் திரை இழுத்துவிட்டு வருகிறேன்.
பகலில் நான் உறங்கவேண்டும்.
தளத்தில், நைட்டியில், ஈரமுடியை விரித்துப்போட்டு,
நெடுஞ்சாலை லாரிக்காரர்கள் பார்க்காமல்.
இவ்வளவுதான் வேண்டும்.
இதற்கு இரண்டு வருஷம்.

தேக்கு போடு என்றான் அண்ணன் ஷைஜு.
விலை கேட்டபிறகு போனையே எடுக்கவில்லை.
மூங்கில் ஒரு கோடை நின்றது;
வெயில் பிளந்த கணுவில் வண்டு குடியேறி
காப்பித் தம்ளருக்குள் மாவு கொட்டியது.
கண்ணாடி வைக்கலாமே என்றார் கடைக்காரர்.
மறைப்பு கேட்டவளுக்கா?
மூட்டம் போட்ட கண்ணாடி, மேடம், ஆள் தெரியாது.
சாதாக் கண்ணாடியே போதும் என்றேன்,
எங்கள் மணல் ஒரே ஆடியில்
ஓசியாய் மூட்டம் போட்டுத் தரும்.

பிறகுதான் வறுவேல் வந்தார்.
குறும்பனைக்காரர், கடலோரத்துக் கேட்டுகளுக்கே
வெல்டிங் செய்து தலை நரைத்தவர்.
என் பழைய கைப்பிடியை நகத்தால் சுரண்டினார்.
“அங்க கடலு இரும்பத் திங்கும்,
இங்க காத்து பெயிண்டத் திங்கும்.
பசி ஒண்ணுதான் எக்கா.”

சட்டத்துக்குத் துத்தநாகம் முக்கிய குழாய்.
பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும்,
துரு அங்கேதான் முதல் முட்டையிடும் என்று
ஒவ்வொரு மூட்டாய்க் குனிந்து
சாம்பல்நிறப் பூச்சைத் திரும்பத் தடவினார்.
குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடத்தைத் தடவுவதுபோல.

சட்டத்துக்குள் எதை நிரப்புவது?
மறுநாள் டெம்போவில் கொண்டுவந்து தள்ளினார்:
கழற்றிப்போட்ட காற்றாலை இறக்கை,
கண்டம் கண்டமாய்.
“இருபத்தஞ்சு வருசம் இதே காத்துல சுத்தினது.
வேற என்ன சர்டிபிகேட்டு வேணும்?”
தட்டிப் பார்த்தேன். கண்ணாடி நார்.
கண்ணாடி வேண்டாமென்று வந்தவளுக்கு!
அறுக்கும்போது பறந்த தூளுக்கு
என் வார்டு மாஸ்க் இரண்டு போட்டும்
மூன்று நாள் கழுத்து அரித்தது.

இடைவெளி இல்லாமல் அடையுங்கள் என்றேன்,
ஊசிக்கண் அளவும் வேண்டாம்.
கருவியைக் கீழே வைத்துவிட்டார்.
“அடச்சா அது மறைப்பு இல்ல, பாய்மரம்.
விடியும்போது உங்க ரூம்
காவல்கிணறு தாண்டியிருக்கும்.”
சண்டை போட்டேன். கணக்கு போட்டுக் காட்டினார்.
கடைசியில் பட்டை பட்டையாய் அறுத்து
சாய்த்துச் சாய்த்துச் செருகினார்,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விரற்கடை.
சாலைக்கு ஓடிப்போய் நின்று பார்த்தேன்:
வெள்ளைச் சுவர்.
தளத்தில் படுத்துப் பார்த்தேன்:
மலையடி, ஆட்டின் கால்கள்,
இறங்கி வரும் ஓர் இறக்கையின் நுனி.

முதல் பகல்.
காற்று இடுக்குகளில் நுழைந்து
ஒரே சுருதியில் ஊளையிட்டது.
இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று போன் போட்டேன்.
“பழகிரும். பழகலன்னா ரப்பர் வைப்போம்,
இப்ப உறங்குங்க.”

ஒரு லாரி ஹாரன் அடித்தது, எனக்காக அல்ல.
கால்மாட்டுப் பட்டையில்
பழைய இறக்கையின் எண், பாதி அறுபட்டு,
கறுப்புப் பெயிண்டில்.
ஆறா, தலைகீழ் ஒன்பதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் மணி நாலரை.