ஏழு கிராம்

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில்
மூடியில்லாத மிக்ஸி ஜார்களுக்கும்
ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது பெட்டி.
நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு விமானம்.
நானூறு சொன்னார், இருநூற்றைம்பதுக்குத் தந்தார்.
ஒரு சக்கரம் குறைந்தது.
போகட்டும், செய்துகொள்வேன்.
பகலெல்லாம் முகம் தெரியாதவர்களுக்குக்
கடைவாய்ப்பல் செய்கிறவள் நான்.

கொளப்பாக்கத்தில் எங்கள் மாடியிலிருந்து
இறங்கும் விமானத்தின் வயிற்றில்
எண்ணெய்க் கறைகூடத் தெரியும்.
ஒவ்வொன்றும் கடக்கையில்
தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்
மேசை நடுங்கி அடங்கும்வரை.

ஆறு வாரம்.
உப்புத்தாளை நனைத்துத் தேய்த்த தேய்ப்பில்
இரண்டு பாதி உடலும் சேர்ந்த கோடு
விரலுக்கே தெரியாமல் போனது.
ஐப்பசி வேறு.
வெள்ளை பூசினால் காற்றின் ஈரம் ஏறி
ஆடை படிந்த பால்போல் மங்கும்.
சுரண்டினேன். மறுபடி பூசினேன்.
அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காயவிட்டேன்.
மறுநாள் சோற்றில் தின்னர் வாசம்.
மன்சூர் ஒன்றும் சொல்லவில்லை,
ஊறுகாய் மட்டும் கேட்டான்.

ஜன்னல்கள் சாஸர் தண்ணீரில் மிதந்தன,
ஒரே பட்டையாய், இமைக்காமல்.
மூச்சைப் பிடித்து நகர்த்தி ஒட்டினேன்.
கடைசியாகக் கால்கள்.
பல் பிசினில் நான் வார்த்த சக்கரம்
மற்றவற்றைவிட அழகாகவே இருந்தது.

நிறுத்தினேன். கையை எடுத்தேன்.
டொக்.
வாலில் உட்கார்ந்துவிட்டது.
முன்சக்கரம் அந்தரத்தில்.
பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாய்மாதிரி
மூக்கைத் தூக்கி என்னைப் பார்த்தது.

மூக்கினுள் ஏழு கிராம் வைத்து மூடு என்று
தாளில் மூன்றாவது படத்திலேயே போட்டிருந்தது.
படிக்காமலா விட்டேன்?
உடைந்த கேப்களின் உலோகத் துணுக்குகளை
லேப் தராசில் நிறுத்து
பழைய பிலிம் டப்பியில் போட்டு
'மூக்கு' என்று எழுதியும் வைத்தேன்.
அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணின்
முன்பல் அவசரமாய் வந்தது.
அதை முடித்துவிட்டு வந்து
உடலை ஒட்டிவிட்டேன்.
டப்பி அலமாரியில் நின்றுகொண்டிருந்தது,
எழுத்து வெளியே தெரிய.

விடிகாலை ஷிப்ட் முடிந்து வந்தான் மன்சூர்.
முன் அறையில் எத்தனை கிலோ பெட்டி,
பின் அறையில் எத்தனை,
இறக்கையில் எரிபொருள் எவ்வளவு,
கூட்டிக் கழித்துத் தாளில் கையெழுத்துப் போடுவது
பதினோரு வருடமாய் அவன் வேலை.
அவன் கையெழுத்திட்ட எதுவும்
வாலில் உட்கார்ந்ததில்லை.

சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.
ஷூவைக்கூடக் கழற்றாமல்
மேசை மட்டத்துக்குக் குனிந்தான்.
'பயணிகள் எத்தனை?'
'ஒருத்தருமில்லை.'
'சாமான்?'
டப்பியை ஆட்டிக் காட்டினேன்.
'லோடர் ஏத்தாம விட்டுட்டான்.
ரிப்போர்ட் எழுதிடு, நஸ்ரின்.'
குளிக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்தேன்.
முன்சக்கரக் குழிக்குள் மிக மெல்லிய துரப்பணம்.
இதுவரை நான் செய்ததில்லை,
மருத்துவர்கள் செய்து அனுப்புவார்கள்:
வேர்சிகிச்சை.
துணுக்கு துணுக்காய் உள்ளே தள்ளி
பிசினால் அடைத்தேன்.
ஆறு கிராம்தான் பிடித்தது.
ஒரு கிராம் இன்னும் டப்பியில்.

இப்போது நிற்கிறது
டிவிக்கு மேல் பலகையில், மூன்று காலில்.
மாடிக்கு மேலே நிஜமானது ஒன்று தாழ்கையில் மட்டும்
பலகை அதிர, மூக்கு மெல்ல எழும்பும்.
கொஞ்சம் யோசிக்கும்.
சில நாள் தானே இறங்கிக்கொள்ளும்.
சில நாள்
டொக்.

உள்ளே போர்வைக்கு அடியிலிருந்து
தூக்கத்தில் ஒரு குரல் வரும்:
'பின் அறையை மொதல்ல காலி பண்ணு.'