கூட்டல் கழித்தல் அரை இன்ச்

வணக்கமுங்க மேடம்.
உக்காரச் சொன்னீங்க, பரவாயில்லைங்க,
எட்டு மணி நேரம் நின்னே பழக்கம்.
அனுப்பர்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனி,
செக்கிங் டேபிள்ல இருக்கறனுங்க.
இன்னைக்கு அரை ஷிப்ட் போச்சு.
அது உங்க கணக்குல வராது, விடுங்க.

பவதாரிணி, ஒம்பதாவது பி.
காலைல கேட்டுல ஸ்கேல் வெச்சு அளந்தாங்களாம்.
டாப்ஸ் முட்டிக்குக் கீழ ரெண்டு இன்ச் இருக்கோணும்,
ஒன்னேகால்தான் இருந்துச்சாம்.
பெல் அடிச்சு, ப்ரேயர் முடிஞ்சு,
ரெண்டாவது பீரியட் வரைக்கும்
கொடிக்கம்பத்துப் பக்கத்துல நின்னாளாம்,
இவளோட இன்னும் ஏழு பேரு.
எட்டும் பொண்ணுங்க.

ஜூன்ல எடுத்தப்ப மூணு இருந்துச்சுங்க.
நானே அளந்தேன், என் டேப்பு பொய் சொல்லாது.
துணி சுருங்கல.
புள்ள வளர்ந்துட்டா.
பொங்கலுக்கு முன்னாடியே மடிப்பைப் பிரிச்சு விட்டேன்,
பாருங்க, பழைய மடிப்பு இருந்த எடம்
இன்னும் கருநீலமாக் கோடு போட்டு நிக்குது.
புதுசு உங்க கடைலதான் வாங்கோணும்,
ஆயிரத்து எண்ணூறு,
இருக்கற ரெண்டு மாசத்துக்கு.

யூனிபார்மே வேண்டாங்கலைங்க.
அது இல்லாட்டி என் புள்ள
திங்கக்கிழமை போட்டதையே
வியாழக்கிழமையும் போட்டுட்டு வர்றது
கிளாசுக்கே தெரிஞ்சு போயிரும்.
அதை மறைக்கற வரைக்கும் நல்ல துணிதான்.

ஆனா எங்க நங்கை பையன் மோனிஷும் இதே பி செக்சன்.
அவம் பேண்ட்டு கணுக்காலுக்கு மேல ஏறி
சாக்ஸ் பூராத் தெரியுது.
அவனை யாரும் அளக்கல.
அவம் வளர்ந்தா, பரவால்லயே, நெடுநெடுன்னு ஆயிட்டான்.
இவ வளர்ந்தா ஒழுக்கக்கேடு.

மேல கோட்டு வேற.
மாசி வெயிலு, தகரக் கூரைக் கிளாசு.
எதுக்குன்னு இவ கேட்டதுக்கு
பசங்க கவனம் செதறும்னாங்களாம் மிஸ்.
எங்க லைன்ல ஊசி ஒடிஞ்சா
மெஷினை நிறுத்திப்போட்டு
ஒடிஞ்ச துண்டைத் தேடுவோமுங்க,
குப்புறப் படுத்து, காந்தம் வெச்சு.
அத்தனை துண்டும் சேர்ந்தாத்தான் மறுபடி ஓடும்.
துணிக்கு மேல இன்னொரு துணியப் போத்தி
சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டோம்.

வெளிநாட்டுக்காரன் குடுக்கற அளவுச் சீட்டுலயே
கூட்டல் கழித்தல் அரை இன்ச்னு ஒரு கட்டம் இருக்கும்.
காசு குடுக்கறவன், கறாரானவன்,
அவனுக்கே தெரியும்
மனுசக் கை தைக்கறது, அப்படி இப்படித்தான் இருக்கும்னு.
இவளுக்கு முக்கால் கொறையுது, ஒத்துக்கறேன்.
அரையைத் தாண்டுனா பீஸைத் தனியா எடுத்து வெப்போம்,
காதர்பேட்டைக்குப் போகும், செகண்ட்ஸா விக்கும்.
வெயில்ல நிறுத்த மாட்டோமுங்க
பீஸை.

டைரில கையெழுத்துப் போடச் சொன்னீங்க.
போடறேன்.
விதி பதினொன்னு இருக்கற பக்கத்தைத் திருப்புனா
சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர்.
துணில ஓட்டையோ கறையோ இருந்தா
இதான் எடம்னு காட்டி நாங்க ஒட்டறது,
என் பைல எப்பவும் ஒரு ரோல் கெடக்கும்.
'மாணவிகள்'ங்கற சொல்லுக்கு நேரா
முனை பிசகாம,
பத்து வருசம் டேபிள்ல நின்னவளாட்டம்
ஒட்டி வெச்சிருக்கா.

மன்னிச்சுக்கோங்க மேடம், புள்ள வெளையாட்டு.
உரிக்கத்தான் பார்த்தேன்,
நல்ல பசைங்க, உரிச்சாத் தாளும் சேர்ந்து வரும்.
கையெழுத்து எங்கைங்க போடோணும்,
அம்புக்குக் கீழயா?