நாலு பாகை

வந்தாறுமூலைக்கு என்னைக் கூப்பிட்டது
ஒரு சனிக்கிழமை பின்னேரம். அடைமழை.
விஞ்ஞான பீடத்தில் ஒரு குளிரூட்டி நின்றுபோனதாம்.
தடுப்பூசிக்கு ஓடியிருக்கிறேன்,
கலியாண வீட்டு இறைச்சிக்கு, ஐஸ்கிறீம் கடைக்கு.
சேற்றுக்காக ஓடியது அதுதான் முதல்.

கதவைத் திறந்தால் குழாய் குழாயாய்ச் சாம்பல் நிறம்.
டினோஜா என்ற ஆராய்ச்சி மாணவி
பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல்
வெப்பமானியை என் முகத்துக்கு நீட்டினாள்.
ஏழு. ஏழரை.
நாலில் இருக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவில்
மூவாயிரம் மீற்றர் தண்ணீர்,
அதற்கும் கீழே இருநூறு மீற்றர் மண்.
இமயத்தில் உடைந்து கங்கையில் உருண்டு
நம் கரைக்கு வெளியே வந்து படுத்த மண்.
அதற்குள் உயிர் இருக்கிறது என்றாள்.
நான் கொம்பிறசரில் கை வைத்தேன்.
றிலே எரிந்திருந்தது.

புதுசு திங்கட்கிழமைதான் கிடைக்கும்.
வாழைச்சேனை ஐஸ் ஆலைப் பளீலுக்கு அடித்தேன்.
"ஆறு பார் வேணும்."
"மீன் எத்தின கிலோ?"
"மீனில்ல. சேறு."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.
பிறகு சொன்னான்:
"உமி போட்டுத் தாறன், கரையாது."

இரவு முழுக்க ஐஸ் உடைத்தோம்.
இதுகள் என்னத்தைத் தின்னும் என்று கேட்டேன்.
மேலிருந்து விழுந்த பாசித்தூள், அதுவும்
முன்னால் இருந்தவை தின்று கழித்த மிச்சம்,
செத்த அயலாரின் உடம்பு.
எப்போது பெருகும்?
நூறு வருசம், சிலதுக்கு ஆயிரம்.
சிலது பெருகாமலே
உடைந்த இடத்தைத் தைத்துத் தைத்து இருக்குமாம்.
இது நம்ம தொழில்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடாத மோட்டரைப் பார்த்துப் பழுதென்பார்கள் சனங்கள்.
குளிர் போதுமென்றால் நிற்பதும் அதன் வேலை,
எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்.

அந்தக் குளிரில் தோல் விறைக்காதா?
தோலில் உள்ள கொழுப்பையே மாற்றிக்கொள்ளும் என்றாள்.
அது எனக்கு உடனே பிடிபட்டது.
என் வீட்டுப் பிறிட்ஜில் தேங்காயெண்ணெய் கல்லாகும்.
பக்கத்துப் போத்தலில் சுறாவெண்ணெய்
சாய்த்தால் வழியும்.

இரண்டு மணியளவில் நாலரை. பிறகு நாலு.
அவள் கதிரையில் சரிந்து
கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:
"கடலுக்கடியில இருந்து தூக்கேக்க
அமத்தம் குறைஞ்சு செத்தது எத்தினையோ தெரியா.
நாங்க எண்ணுறது தப்பினத மட்டும்."
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
உமி ஒட்டிய கையை
கால்சட்டையில் துடைத்தேன்.

திங்கள் றிலே போட்டேன், பில் கொடுத்தேன்.
கணக்குக் கிளையில் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக் கேட்டார்:
"ஆறு பார் ஐஸ், எதுக்கு?"
உயிர்ப் பொருள் என்று எழுதினேன்.
உயிரா பொருளா, ஒன்றை வெட்டு என்றார்.
இரண்டையும் விட்டுவிட்டு வந்தேன்.

ஏழு மாதம், காசு வரவில்லை.
குறையத் தின்று நெடுக இருக்கக்
கற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.
எனக்கு மூன்று நேரமும் பசிக்கும்,
பளீலுக்கும் நான் இன்னும் கடன்.

நேற்று செங்கலடியில்
ஒரு வங்கியின் ஏசிக்கு ஏணியில் நிற்கும்போது
டினோஜா எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.
ஒரு குழாய்ச் சேற்றுக்குக்
கொஞ்சம் உணவு விட்டு வைத்திருந்தாளாம்.
நுணுக்குக்காட்டியில் பச்சைப் புள்ளி ஒன்று
இடுப்பில் நெரிந்து இரண்டாகி நிற்கிறதாம்.

வங்கி மனேஜர் கீழே நின்று வியர்த்தார்.
நான் இறங்காமலே கேட்டேன்:
"குளிர் எத்தின?"
"நாலு" என்றாள்.