எட்டு எழுத்துப் பெட்டி

கருங்கல் சந்தைக்கு எதிரே பேக்கரி மாடியில்
நாலு கம்ப்யூட்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய்.
கீழே பன் வேகும் வாசம் படியேறி வரும் நேரத்தில்
திரை கேட்டது: பெயர் என்ன?

எட்டு எழுத்துக்குத்தான் இடம், அதுவும் இங்கிலீஷில்.
அருள்ராஜன் என்று அடித்தேன்.
அருள்ராஜா வரை ஏறியது.
கடைசி 'ன்' மட்டும்
கூட்டமான பஸ்ஸில் தொங்கக்கூட இடம் கிடைக்காத ஆள் மாதிரி
பெட்டிக்கு வெளியே நின்றுவிட்டது.

அடுத்தது, ஆணா பெண்ணா.
"பெண்ணை எடுத்தா பெலம் பதினேழுக்கு மேல ஏறாதுலேய்"
என்றான் ஆன்றோ, அவனே விதி எழுதினவன் போல.
படத்திலிருந்த பெண்ணுக்கு மார்பில் மட்டும் இரும்பு,
வயிறு திறந்து கிடந்தது.
அந்த நாட்டு ஓநாய்கள் வயிற்றில் கடிப்பதில்லை போலும்.
ஆணை எடுத்தேன்.
எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள்.

எங்களில் இங்கிலீஷ் மீடியம் விண்ட்சன் ஒருவன்தான்.
அரக்கன், கொல்லன், சத்திரக்காரி, யார் பேசினாலும்
அவன் வாய்வழிதான் பேசியாக வேண்டும்:
"லேய் அருளு, கெணத்துக்குள்ள ஒரு பூதம் கெடக்கு.
நீ போய் என்னாண்ணு பாத்துட்டு வா."

மூன்றாம் சனிக்கிழமை
செத்த பூதத்தின் மூட்டையில் ஒரு இடுப்புவார் கிடைத்தது.
கட்டினேன்.
ஒரு மணிச்சத்தம். படம் மாறியது.
சாபம், கழற்ற முடியாது என்றது திரை.
கோயிலில் ஐநூறு பொன் கொடுத்தால்
பூசாரி கழற்றித் தருவாராம்.
பிபின் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான்.
என்னிடம் எண்ணூற்றுப் பத்து பொன் இருந்தது.
நானூறுக்கு ஒரு கேடயம் வாங்கினேன்.
பிறகும் ஐநூறு சேரும்போதெல்லாம்
ஏதாவது ஒன்று தேவைப்பட்டது,
விளக்கு, கயிறு, தேவையே இல்லாத ஒரு படகு.

விளையாட்டு என்னை 'யூ' என்றுதான் கூப்பிட்டது,
போன வாரம் கூப்பிட்ட அதே 'யூ'.
மாட்டிக்கொண்டது விண்ட்சன்.
நம்ம பாஷையில் ஒருவர் சும்மா வந்துவிட முடியாது.
பள்ளிக்கூடத்தில் வந்தான், வந்தாள்.
வாய்ப்பேச்சில் இன்னும் நெருக்கம்:
அவன் வந்தான். அவ வந்தா.
இடையில் இருப்பது ஒரேயொரு 'ன்'.
அதை அவன் விழுங்கத் தொடங்கினான்,
முதலில் சிரித்துக்கொண்டு, அப்புறம் சிரிக்க மறந்து.
"அவ வாளை எடுத்தா. ஒத்த வெட்டு. பாம்பு ரெண்டு துண்டு.
அவ திரும்பியே பாக்கல்ல, நடந்தா."

ஒவ்வொரு சொல்லின் வாலிலும்
ஓர் எழுத்து குறையக் குறைய
சட்டைக் காலரில் ஒரு பொத்தானைக் கழற்றியதுபோல் இருந்தது.
எடுத்தேன், நடந்தேன் என்று நானே சொல்லும்போதும்
ஒரு 'ன்' வரத்தான் செய்கிறது.
அதை யாரும் திருப்பிப் பார்த்துச் சோதிப்பதில்லை.

ஐப்பசி மழை. கரண்ட் போனது.
யு.பி.எஸ். ஐந்து நிமிடம் கத்தி அடங்கியது.
சேமித்தேனா என்று நினைவில்லை.
விண்ட்சனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு,
குடை பிடித்து நிறுத்தம்வரை வந்தான்.
ரப்பர் ஷீட் லாரி ஒன்று சேற்றை வாரித் தெளித்துப் போனது.
அதன் பின்னால் திங்கள்சந்தை வண்டி.

"வா பிள்ளே, பஸ் வந்தாச்சு."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.
குடைக்கம்பி ஒன்றில் நீர் திரண்டு நிற்பதை
இரண்டு பேரும் கவனமாகப் பார்த்தோம்.
திருத்த வாயெடுத்தான்.
"அடுத்த சனியும் நீயே வாசி" என்றேன்.

முன்வாசல் ஒரு கூட்டம், பின்வாசல் ஒரு கூட்டம்.
எந்தப் படி என் காலருகே வந்து நின்றதோ அதில் ஏறினேன்.
கண்டக்டர் நனைந்த பையோடு நெருக்கிக்கொண்டு வந்தார்.
முகம் பார்க்க அவருக்கு நேரமில்லை.
"எங்க?"
"திங்கள்சந்தை" என்றேன்.
"ஒண்ணு."