கடைசிச் சைக்கிள்

எனக்குப் பின்னால் ஆள் இல்லை.
அதுதான் என் வேலை.

முன்னுக்கு அஸ்மீர், நிந்தவூர்க்காரர்.
றோட்டை முதலில் வாசிப்பவர் அவர்.
"குழி!"
இடக்கை இறங்கி விரல் காட்டும்.
சொல் பின்னுக்கு வரும்,
துஷாந்தினி வாயில் கீச்சாக,
டெரன்ஸ் வாயில் பாதி இருமலாக.
இருபத்திரண்டு தொண்டை கடந்து
என்னிடம் சேரும்போது
குழியும் வந்து சேர்ந்திருக்கும்.
"சரி" என்பேன்.
என் சரி அதே வழியால் முன்னுக்குப் போகும்.

மணல். நாய். மாடு. போத்தல் துண்டு.
முன்னிருந்து வரும் சொற்கள் நிறைய.
பின்னிருந்து போவது ஒன்றே ஒன்று,
அது என்னுடையது:
"லொறி!"
இரட்டை வரிசை ஒற்றையாகும்.
சட்டை படபடக்க
மணல் லொறி எங்களைக் கடந்து போகும்.
சிலவேளை கிளீனர் பெடியன் கை காட்டுவான்.

புறப்பட்ட அன்று, மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
ஹெல்மெட் வேண்டாமென்று நின்றான் சஜித்தன்.
தலைமயிர் குலையுமாம்.
துஷாந்தினி விளக்கம் சொல்லவில்லை.
விபத்து வார்ட்டில் தாதி அவள்.
முற்றிய தேங்காயா என்று பார்ப்பதுபோல்
அவன் மண்டையில் விரலால் இரண்டு தட்டு.
போட்டுக்கொண்டான்.

என் பையில் இரண்டு ரியூப், சொலூஷன், கைப்பம்,
ஜீவனிப் பக்கற்,
ஒரு தாளில் இருபத்திமூன்று பேர்,
பேருக்கு நேரே இரத்த வகை.
பௌசுலும் நானும் ஓ நெகட்டிவ்.
அதைக் கண்ட நேரத்திலிருந்து
என்னை ராத்தா என்கிறான்.

கிலோமீற்றருக்கு ஐம்பது ரூபா
எழுதித் தந்தவர்கள் இருக்கிறார்கள்.
"விழுந்து உருண்டா அந்த மீற்றரும் கணக்கா?"
டெரன்ஸ் கேட்டான்.
இரத்தம் கழுவும் மெஷின் ஒன்று வாங்கவேணும்.
பௌசுலின் நானா கிழமைக்கு மூன்று தரம்
அந்தக் கதிரையில் இருக்கிறார்.
இவன் அதைக் கதைப்பதில்லை.
ஏற்றம் வந்தால் மட்டும்
எழும்பி நின்று மிதிப்பான்.

மூன்றாம் நாள் பொத்துவிலிலிருந்து திரும்புகிறோம்.
கோமாரி தாண்டி, யானைப் பயமும் தாண்டி,
கச்சான் விலாவில் அடிக்க
திருக்கோவிலுக்குக் கிட்ட வந்துவிட்டோம்.
"நெல்லு!"
சொல் வந்தது. கேட்டேன்.
அந்த நொடியே முதுகில் ஹோர்ண்.
ஒரு வாயால் இரண்டு சொல் வராது.
லொறி என்று கத்திவிட்டு
நெல்லில் விழுந்தேன்.

படங்கின் சொந்தக்காரி ஓடிவந்தாள்.
"ஐயோ என்ட நெல்லு!"
பிறகு முழங்கையைக் கண்டாள்.
"ஐயோ என்ட புள்ள!"
இரண்டு ஐயோவும் ஒரே உயரம்.

அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.
விசில் என் வயிற்றுக்கடியில்.
கூப்பிட மூச்சில்லை.
இருபத்திரண்டு முதுகும் சிறுத்துச் சிறுத்து
வெயிலுக்குள் கரைந்தன.

பிறகுதான் சொன்னார்கள்.
அடுத்த குழிக்கு அஸ்மீர் குரல் கொடுத்தாராம்.
சொல் பின்னுக்குப் போய்த்
திரும்பி வரவில்லையாம்.
பௌசுல் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தானாம்.
"சரி" இல்லை.
அதற்குமேல் ஒருவரும்
பத்து மிதி மிதிக்கவில்லை.

பிரதான வீதியில் ஒரேயடியாகத் திரும்பி
இருபத்திரண்டு சைக்கிள் என்னிடம் வந்தன.
விதி நான்கு: நடுறோட்டில் கூட்டமாய்த் திரும்பக்கூடாது.
எழுதியவள் நான்.
படங்கில் கிடந்தபடியே ஏசினேன்.
"வாயப் பொத்திற்று கைய நீட்டுங்க" என்றாள் துஷாந்தினி.
மற்றவர்கள் குந்தியிருந்து நெல் கூட்டினார்கள்.
மண் கலந்ததைச் சுளகில் புடைக்கப்போன டெரன்ஸ்
பாதியைக் கச்சானுக்குக் கொடுத்தான்.
அந்த மனுசி சுளகைப் பறித்தாள்,
சிரிப்பை அடக்க முடியாமல்.

நான்காம் நாள் பின்னேரம்
முழங்கையில் துணிக்கட்டோடு
காத்தான்குடி கடந்து வருகிறேன்.
முன்னிருந்து ஒரு சொல் வருகிறது.
"பாலம்!"
எங்கள் பட்டியலில் இல்லாத சொல்.
அதில் ஆபத்தும் இல்லை.
சஜித்தன் அதைக் கூவினான்.
டெரன்ஸ் இருமாமல் சொன்னான்.
பௌசுல் கழுத்தைத் திருப்பி,
"ராத்தா, கல்லடிப் பாலம்."

எனக்குப் பின்னால் ஆள் இல்லை.
என்றாலும் திரும்பிச் சொன்னேன், "பாலம்!"
முந்திப்போகாமல் ஊர்ந்து வந்த மணல் லொறியிலிருந்து
கிளீனர் பெடியன் ஏதோ கத்தினான்.
காற்றில் சரியாகக் கேட்கவில்லை.
சரி மாதிரித்தான் இருந்தது.

என்னுடையதோடு அதையும் சேர்த்து
முன்னுக்கு அனுப்பினேன்.